திண்டு அண்ணனும் எடை வித்தியாசமும்

ரத்தம் கொடுக்கப் போகிற நாளில் திண்டு அண்ணன் சம்பந்தி வீட்டுக்குக் கிளம்புகிறவர் போலக் கிளம்புவார். சவரம் இரண்டு தவணையாக நடக்கும்: முதலில் கன்னத்துக்கு, பிறகு கன்னத்துக்குக் கீழே குடிவந்திருக்கும் இன்னொரு கன்னத்துக்கு. தலைக்கு எண்ணெய், சட்டைக்கு இஸ்திரி, ஷூவுக்குப் பாலிஷ். ஷூவின் கயிற்றை மட்டும் மனைவிதான் கட்டிவிட வேண்டும். அவர் குனிந்தால் வயிறு முன்னால் போய்ப் பாதையை மறித்துக்கொள்ளும்.

“பொண்ணு பாக்கவா போறீங்க?” என்று முடிச்சுப் போட்டபடியே அவள் கேட்பாள்.

“நாலு பேர் நம்ம ரத்தத்தைப் பாக்கிற இடம். அழுக்குச் சட்டையோட போக முடியுமா?” என்பார் இவர்.

ரத்தம் பார்க்கிறவர்கள் சட்டையைப் பார்ப்பதில்லை என்பது இருவருக்கும் தெரியும். இந்தச் சவரமும் இஸ்திரியும் யார் கண்ணில் படுவதற்காக என்பதும் இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி அந்த வீட்டில் பேச்சு கிடையாது.

அண்ணனுக்குத் தொழில் சோபா தைப்பது. பழைய சோபாவின் தோலை உரித்து, செத்துப்போன ஸ்பிரிங்குகளைப் பிடுங்கி, புதிய ஸ்பிரிங்கும் ஸ்பாஞ்சும் வைத்து, மேலே துணியை இழுத்துப் பிடித்து ஆணி அடிப்பார். ஆணிகள் வாய்க்குள் காத்திருக்கும். உதட்டோரம் வழியாக ஒவ்வொன்றாக வெளியே வரும். வாயில் ஆணி இருக்கிற நேரம்தான் அவர் எதையும் மெல்லாமல் இருக்கிற நேரம் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. ‘திண்டு’ என்ற பட்டம் தொழிலுக்காக வந்ததா உருவத்துக்காக வந்ததா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அண்ணன் முதல் கட்சி.

பட்டறையில் கொண்டுவந்து போடுகிற சோபாவின் பள்ளங்களைப் பார்த்தே ஒரு குடும்பத்தின் சரித்திரத்தைச் சொல்லிவிடுவார். “இந்த வீட்ல புருஷன் பொண்டாட்டி பேச்சுவார்த்தை இல்ல. பாருங்க, ரெண்டு ஓரமும் குழி, நடுவுல மேடு.” சொன்னது சரியா தவறா என்று யாரும் அந்த வீட்டுக்குப் போய் விசாரித்ததில்லை. ஆகவே அவர் இதுவரை தோற்றதும் இல்லை.

பட்டறைக்கு நடுவே அவருக்கென்று ஒரு சோபா கிடக்கிறது. இருவர் உட்காரக்கூடியது. மதியச் சாப்பாடும் அதற்குப் பிந்தைய தூக்கமும் அதில்தான். இடப்பக்கம் அவர் உருவத்துக்கு அச்சு எடுத்தாற்போல் அமுங்கியிருக்கும். வலப்பக்கம் விறைப்பாக, நேற்றுத் தைத்தது போல நிற்கும். வாடிக்கையாளர் யாராவது அந்தப் பக்கம் உட்காரப் போனால், “அதுல வேண்டாங்க, பசை காயல” என்று தடுத்துவிடுவார். அந்தப் பசை நான்கைந்து வருடமாகக் காயவில்லை.

அந்த வலப்பக்கத்துக்கு உரியவர் தம்பி. லிஃப்ட் பழுது பார்ப்பவர். உயரமான கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் கம்பி பிடித்து இறங்குகிறவர், ஆளும் கம்பிதான். இருவரும் இரட்டையர் என்று சொன்னால் கேட்பவர்கள் ஒருமுறை சிரித்துவிட்டு, பிறகு முகத்தை உற்றுப் பார்த்து, “அட ஆமா” என்பார்கள். மூக்கும் நெற்றியும் காது மடலும் ஒரே அச்சு. ஒன்றை மட்டும் யாரோ ஊதிப் பெரிதாக்கியிருக்கிறார்கள். பிறந்தபோது தராசு இருவருக்கும் ஒரே எடைதான் காட்டியதாம். அதன் பிறகுதான் அது பாரபட்சம் காட்ட ஆரம்பித்தது. திண்டு சில நிமிடங்கள் முந்திக்கொண்டவர். அந்தச் சில நிமிடங்களுக்கான மரியாதையை அவர்களுடைய தாய் கடைசி வரைக்கும் கண்டிப்பாக வசூலித்துக் கொடுத்தாள்: தம்பி ‘அண்ணே’ என்றுதான் கூப்பிட வேண்டும்.

சண்டை வந்தது தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேசையில். தம்பி மகளைக் கேட்டு வந்த சம்பந்திகள் முன்னால், எல்லோரும் தட்டைத் தொடுகிற நேரத்தில், “எங்கண்ணன் உக்கார்றதுக்குள்ள எல்லாரும் எடுத்துக்குங்க, அப்புறம் தட்டுதான் மிஞ்சும்” என்று தம்பி ஒரு வேடிக்கை விட்டார். மேசையே சிரித்தது. முதலில் சிரித்தவர் அண்ணன்தான். குண்டர்களுக்குத் தெரிந்த தற்காப்புக் கலை அது ஒன்றுதான். சிரித்து முடித்தவர் கை கழுவப் போகிறவர் போல எழுந்தார். அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார். மறுநாள் தம்பி, “ஒரு ஜோக்கைத் தாங்க முடியலையா?” என்று கேட்டனுப்பினார். “பசியோட எந்திரிச்சு வந்தவன் வயித்துல ஜோக் ஏறாதுன்னு சொல்லு” என்று இவர் பதில் அனுப்பினார். அதன் பிறகு அனுப்ப எதுவும் இல்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பதில், பிறவிச் சான்றிதழ்படி, இருவரும் சரிசமம்.

மனைவிமார் மட்டும் தினமும் போனில் பேசிக்கொள்கிறார்கள். இரண்டு நாடுகள் உறவை முறித்துக்கொண்டாலும் வியாபாரம் நிற்பதில்லை அல்லவா, அதுபோல. சமாதானத்துக்கு அவர்கள் எடுத்த முயற்சிகள் எல்லாம் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றன. “பெரியவன் நான், நான் எப்படி முதல்ல போறது?” என்பார் திண்டு. “தப்பா எடுத்துக்கிட்டது அவரு, நான் எப்படி முதல்ல போறது?” என்பார் தம்பி.

இப்படியிருக்கையில்தான் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டடத்தில் ஓர் ஆராய்ச்சி. இரட்டையர் வேண்டும், அதிலும் ஒருவர் பருத்து ஒருவர் மெலிந்திருக்க வேண்டும். பிறவி ஒன்றே என்பதால், இருவர் ரத்தத்திலும் உள்ள புரதங்களில் தெரிகிற வேறுபாட்டை எடையின் கணக்கில் எழுதலாமாம். எந்தப் புரதம் எவ்வளவு ஏறினால் பின்னாளில் இதயம் வம்பு செய்யும் என்று இப்போதே மோப்பம் பிடிக்கிற வேலை. ஆள் தேடிய சிஸ்டர் போனில் இதையெல்லாம் பொறுமையாக விளக்கினார். திண்டு அண்ணன் காதில் விழுந்தது ஒரே வாக்கியம்: “ரெண்டு பேரும் ஒரே நாள் காலையில, வெறும் வயித்தோட, சேர்ந்து வரணும். ஒருத்தர் மட்டும் வந்தா எடுக்க மாட்டோம்.”

“எங்க தம்பி ஒத்துக்கிட்டாரா?”

“அவரும் இதையேதான் கேட்டாருங்க.”

மனிதகுலத்தின் இதயத்தைக் காப்பது தன் கடமை என்று திண்டு அண்ணன் அன்றைக்குத்தான் உணர்ந்தார்.

மூன்று மாதத்துக்கு ஒரு காலை. ரத்தம் எடுக்கிற அறை மாடியில். அந்தப் பின்கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. அண்ணன் எல்லோருக்கும் முன்பாக வந்து சேர்ந்துவிடுவார். படி ஏறியதற்கான மூச்சையெல்லாம் தம்பி வருவதற்குள் வாங்கி முடித்து, ஒன்றும் நடக்காதவர் போல உட்கார்ந்திருக்க அந்த நேரம் தேவை. தம்பி வருவார். ஒரு நாற்காலி இடம் விட்டு உட்காருவார். இருவரும் எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கும் இதயப் படத்தைப் பார்ப்பார்கள். அதைப் பார்த்த அளவுக்கு அந்த ஆஸ்பத்திரியின் டாக்டர்கள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பேச்சு உண்டு. ஆனால் எல்லாம் சிஸ்டர் வழியாகத்தான்.

“சிஸ்டர், ஃபேன் காத்து நேரா அடிக்குது. அவருக்குச் சளி புடிக்கும். தள்ளி உக்காரச் சொல்லுங்க.”

“சிஸ்டர், எனக்கு ஒண்ணும் புடிக்காது. அவருக்குப் புழுங்கும், ஃபேன் அப்படியே இருக்கட்டும்னு சொல்லுங்க.”

தொட்டிலில் உதைத்து விளையாடிய தம்பியை ‘அவர்’ என்று குறிப்பிடும் மரியாதை சண்டைக்குப் பிறகு வந்தது. சிஸ்டர் முதலில் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு கழுத்து வலிக்கவே, “ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் வேலை” என்று ஊசியைத் தயார் செய்யப் போய்விட்டார். ஊசி குத்துகிறபோது அண்ணன் தன் கையைப் பார்க்க மாட்டார். தம்பியின் கையில் குத்துகிறபோதுதான் முகம் சுளிப்பார். அதன் பிறகு டீயும் பிஸ்கட்டும். தம்பி குடித்து முடித்ததும் எழுந்து, படிகளில் தடதடவென்று இறங்கிப் போய்விடுவார். அந்தச் சத்தம் அடங்குகிற வரைக்கும் அண்ணன் தன் டீயை முடிக்க மாட்டார்.

ஆராய்ச்சி நடத்துவது ஓர் இளம் டாக்டரம்மா. சேர்ந்த புதிதில் அவரே உட்கார்ந்து புரதங்களை அறிமுகம் செய்துவைத்தார். உடம்புக்குள் எங்கோ கனன்றால் ரத்தத்தில் புகை போல ஏறுவது ஒன்று. இதயம் இழுபட்டுத் திணறினால் அதிலிருந்து கசிவது இன்னொன்று. மூன்றாவதைக் கொழுப்பே சுரக்கிறது. அது மூளைக்குப் போய், ‘போதும், தட்டைத் தள்ளு’ என்று சொல்லும்.

“அப்ப எனக்கு அது துளிகூட இருக்காதே” என்றார் திண்டு.

அவருக்குத்தான் அது ஏராளம் என்றார் டாக்டரம்மா. கொழுப்பு கூடக்கூட அதுவும் கூடும். கத்திக் கத்தியே அதன் சத்தம் மூளைக்குப் பழகிப்போய்விட்டது.

“எங்க வீட்லயும் அதே கதைதாம்மா” என்று அண்ணன் ஒப்புக்கொண்டார். ஒரு நாற்காலி தள்ளி, தம்பி இதயப் படத்தைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்பது அண்ணனுக்குத் தெரியும். அதே உதட்டைத்தான் அவரும் கடிப்பார். அந்த ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு மூன்று மாதம் ஓட்டினார்.

வினை சிஸ்டரின் வாயில் இருந்து வந்தது. ஒரு தடவை திண்டுவுக்குக் காய்ச்சல் வந்து போயிருந்தது; மனைவியும் அதைச் சாக்கிட்டு வேகவைத்த காய்கறியாகப் போட்டு வதைத்திருந்தாள். எடை பார்த்த சிஸ்டர், “பரவாயில்லையே, இறங்கியிருக்கீங்க” என்று பாராட்டிவிட்டு, போகிற போக்கில், “ரொம்ப இறங்கிடாதீங்க அண்ணா. வித்தியாசம் குறைஞ்சா உங்க ஜோடியை ஆராய்ச்சியிலேர்ந்து கழட்டி விட்டுருவாங்க” என்று சிரித்தார். அண்ணன் தம்பி இருவருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார்.

அன்றிலிருந்து திண்டு அண்ணன் விஞ்ஞானத்துக்காகச் சாப்பிட ஆரம்பித்தார். பட்டறைக்குப் பக்கத்துப் பேக்கரியில் காலையில் வெண்ணெய் பன், மாலையில் கேக், இடையில் மனசாட்சி குத்தினால் அதன் வாயை அடைக்க ஒரு கிரீம் ரொட்டி. “பட்டறையில வேலைக்கு நெறைய ஆள் போட்டுட்டீங்களாண்ணே?” என்று பேக்கரிக்காரர் விசாரித்தார். ஆமாம் என்றார் இவர். வீட்டில் நல்ல பிள்ளையாகக் காய்கறியைத் தின்றார். காய்கறி தின்றும் ஒரு மனிதர் ஏறுகிறாரே என்று மனைவி மலைத்தாள். தராசைப் பழுது பார்க்கக் கொடுத்தாள். படுத்தால் மூச்சு முட்டியது; தலையணையை இரண்டாக்கிக்கொண்டார். ஆணி அடிக்கிறபோது நெஞ்சில் ஏதோ இறுகியது. சுத்தியலைச் சின்னதாக மாற்றிக்கொண்டார். எல்லாவற்றுக்கும் அவரிடம் தொழில்முறைத் தீர்வு இருந்தது.

ஒன்றுக்குத்தான் இல்லை. தம்பியின் பெல்ட்டில் ஒரு புதுத் துளை. அடுத்த தடவை இன்னொன்று. தோல் வேலை தெரிந்தவர் கண்ணுக்கு, அது ஆணியால் அவசரமாகக் குத்திய துளை என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது. “சிஸ்டர், அவருக்கு உடம்புக்கு ஏதாச்சுமான்னு கேளுங்க” என்றார். “நல்லா இருக்கேன்னு சொல்லுங்க சிஸ்டர்” என்று பதில் வந்தது. அன்று பட்டறைக்குத் திரும்பியவர், பன்னை வாங்கிப் பிரிக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு, சோபாவின் இடப்பக்கத்தில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கடமை அழைத்தது, சாப்பிட்டார்.

போன மாதம் ரத்தம் எடுத்த சில நாளில் டாக்டரம்மா இருவரையும் மறுபடி வரச் சொன்னார். கணக்கில் இல்லாத அழைப்பு. திண்டு இரண்டு சவரமும் செய்துகொண்டு, இது கொசுறு என்ற மகிழ்ச்சியோடு போனார். அறைக்குள் இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். நடுவே விடுவதற்கு நாற்காலி இல்லை.

டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார். பெரியவருக்கு அந்தப் புகைப் புரதம் ஏறியிருக்கிறது. அது போகட்டும். இதயத்திலிருந்து கசிகிற புரதமும் ஏறியிருக்கிறது. பருத்த உடம்பில் அது வழக்கமாகக் குறைத்துத்தான் காட்டும். குறைத்துக் காட்டுகிற உடம்பிலேயே ஏறித் தெரிகிறது என்றால், உள்ளே இதயம் சிரமப்படுகிறது என்று பொருள். இன்றே ஸ்கேன், இன்றே மாத்திரை. சாப்பாட்டைக் குறைக்க வேண்டும். ஸ்கேன் பார்த்துச் சம்மதம் சொன்னதும் தினமும் மெதுவாக நடக்க வேண்டும். எடை இறங்கியே ஆக வேண்டும். அதனால் இந்த ஜோடியை ஆராய்ச்சியிலிருந்து இன்றோடு விடுவிக்கிறோம்.

முதல் பாதிக்கு அண்ணன் தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசி வாக்கியத்தில் தலை நின்றது.

“ஒரு வருஷம் தள்ளிப் போட முடியாதாம்மா?”

“எதை?”

“எடையை இறக்குறதை. அதுவரைக்கும் நாங்க வந்துட்டுப் போயிட்டு இருக்கோமே.”

“இது இதயம் சார். சோபா இல்ல, தைச்சு முடியல, அடுத்த வாரம் வாங்கன்னு சொல்றதுக்கு.”

அண்ணன் அதற்குச் சிரிக்கவில்லை. வேடிக்கைக்கு முதல் ஆளாகச் சிரிக்கிறவர், தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டு, “கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கம்மா” என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. இனிமேல் எந்த நாளுக்காகச் சவரம் செய்வது என்பதை அவர் யாரிடம் போய்க் கேட்பார்?

டாக்டரம்மா அதற்குள் தம்பி பக்கம் திரும்பியிருந்தார். “உங்களை வரச் சொன்னதுக்கு வேற காரணம் சார். அந்தப் ‘போதும்’ புரதம் உங்க ரத்தத்துல தடவை தடவைக்குக் குறைஞ்சு, இப்போ தேடித்தான் பாக்கணும். வேற வியாதி எதுவும் தெரியல. பட்டினி கிடக்கிறவங்களுக்குத்தான் இப்படி ஆகும். வீட்ல ஏதாவது கஷ்டமா?”

தம்பி கதவோரம் நின்ற சிஸ்டரைத் தேடினார். “பசி இல்லைன்னு சொல்லுங்க சிஸ்டர்.”

சிஸ்டர் சொல்லவில்லை. அவர் முகம் மாறிக்கொண்டிருந்தது. “நான் அன்னைக்கு வித்தியாசம் குறையக் கூடாதுன்னு சும்மா சொன்னேனே... அதுக்கா ரெண்டு பேரும்?” என்றார்.

டாக்டரம்மா திரையையும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தின்று ஒருவரும் தின்னாமல் ஒருவருமாகத் தன் ஆராய்ச்சியை இத்தனை காலம் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதும், அந்தத் தகவல்களை இனிக் குப்பையில்தான் போட வேண்டும் என்பதும் அவருக்கு ஒரே நேரத்தில் விளங்கியது. ஸ்கேனுக்குக் கீழே போகச் சொல்லி, சிஸ்டரையும் தன்னோடு இருக்கச் சொல்லிவிட்டார்.

ஆகவே படிக்கட்டின் மேல்படியில் இருவர் மட்டும் நின்றார்கள். பேசுவதற்கு இடையில் ஆள் இல்லை. திண்டு அண்ணன் அந்தப் பெல்ட்டைப் பார்த்தார். துளைகளை நெருக்கத்தில் பார்த்தபோது அவருக்குக் கோபம்தான் வந்தது. நல்ல தோல், இப்படியா குத்துவது? கண்ணுக்குள் ஏதோ உறுத்தியது. அதையும் பெல்ட்டின் கணக்கில் எழுதிக்கொண்டார்.

தடதடவென்று இறங்கிப் போக வேண்டிய தம்பி போகவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நடக்கணும்னாங்கல்ல.”

“ஆமா.”

“நான் காலையில நடக்கிறவன்தான்.”

“எந்தப் பக்கம்?”

தம்பி பெல்ட்டை ஏற்றிவிட்டுக்கொண்டார். “பட்டறைப் பக்கம். கடை தொறக்கிறதுக்கு முன்னாடி வந்துட்டுப் போயிடுவேன், அண்ணே.”

திண்டு அண்ணன் பதில் சொல்ல வாயெடுத்தார். வாய் நிறைய ஆணி இருப்பது போல எதுவும் வெளியே வரவில்லை. தம்பி ஒரு படி இறங்கினார். இறங்கி, திரும்பிப் பார்க்காமல், முதுகைக் காட்டியபடி அங்கேயே நின்று, இடது தோளை மட்டும் சற்றுத் தாழ்த்தினார்.

அண்ணன் அந்தத் தோளில் கையை வைத்தார். முதலில் சும்மா பட்டும் படாமலும். பிறகு மெல்ல மெல்ல, தன் முழுக் கனத்தையும்.